எதற்கு உந்தம் அதிகம்? பெருக்கும் முன் அலகைப் பாருங்கள்

விடைத்தாள் திருத்தும்போது நான் முதலில் தேடுவது விடையை அல்ல, அலகை. உந்தக் கணக்கில் தப்பு பெரும்பாலும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

வாய்பாடு ஒரே வரி: உந்தம் = நிறை × திசைவேகம். நிறை கிலோகிராமில், திசைவேகம் வினாடிக்கு இத்தனை மீட்டர் என்ற கணக்கில் இருக்க வேண்டும். கிராமில் கொடுத்திருந்தால் 1000-ஆல் வகுங்கள். மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்றிருந்தால் 3.6-ஆல் வகுங்கள். அப்புறம்தான் பெருக்கல்.

160 கிராம் கிரிக்கெட் பந்து மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று வையுங்கள். நிறை 0.16 கிலோ, வேகம் வினாடிக்கு 40 மீட்டர், உந்தம் 6.4. அவசரக்காரர் 160-ஐயும் 144-ஐயும் அப்படியே பெருக்கி 23,040 என்று எழுதுவார். மணிக்கு 72 கிலோமீட்டரில் போகும் 1,000 கிலோ காருக்கே உந்தம் 20,000-தான். பந்து காரை முந்திவிட்டதே என்று அவருக்குச் சந்தேகம்கூட வராது!

அதே காரோடு 10,000 கிலோ லாரியை ஒப்பிட வேண்டுமா? இங்கே முழுக்கணக்கு வேண்டாம், மடங்கு போதும். லாரியின் நிறை 10 மடங்கு. அதனால் காரின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது மணிக்கு 7.2 கிலோமீட்டரில் ஊர்ந்தாலே உந்தம் சமம். அதற்குக் கொஞ்சம் கூடினாலும் லாரிக்குத்தான் அதிகம். தேர்வில் இந்த வழி நிறைய நேரம் மிச்சப்படுத்தும். நின்றுகொண்டிருக்கும் லாரிக்கோ, எவ்வளவு கனமானாலும், உந்தம் பூஜ்யம்.

திசையை மறக்காதீர்கள். வலப்பக்கம் போவதை + என்று வைத்தால், இடப்பக்கம் போவது −. நம் பந்தை மட்டை அதே வேகத்தில் திருப்பி அனுப்பினால் +6.4 என்பது −6.4 ஆகிறது. அளவு மாறவில்லை, ஆனால் உந்த மாற்றம் 12.8. 'மாற்றம் இல்லை' என்று எழுதுகிறவர்கள் வருடா வருடம் உண்டு. 'அளவை ஒப்பிடுக' என்று கேட்டால் மட்டும் குறியை விட்டுவிடலாம்.

உந்தம் சமம் என்றால் அடியும் சமமா என்று யாராவது கேட்பார்கள். நல்ல கேள்வி. 8 கிராம் தோட்டா வினாடிக்கு 800 மீட்டரில் பாய்ந்தால் அதன் உந்தமும் 6.4. ஆனால் இயக்க ஆற்றல், அதாவது நகர்வதால் பொருளுக்கு இருக்கும் ஆற்றல் (½ × நிறை × வேகம் × வேகம்), பந்துக்கு 128 ஜூல், தோட்டாவுக்கு 2,560 ஜூல். இரண்டையும் ஒரே அளவு விசை எதிர்த்தால் இரண்டும் ஒரே நேரத்தில்தான் நிற்கும். அதற்குள் தோட்டா, பந்து கடந்த தூரத்தைப் போல 20 மடங்கு கடந்திருக்கும்.