சாக்கெட் வழியாக ஃபைல் டிஸ்கிரிப்டரை அனுப்புவது எப்படி?

ஒரு ப்ராசஸ் திறந்த ஃபைலை இன்னொரு ப்ராசஸிடம் ஒப்படைக்க, டிஸ்கிரிப்டர் எண்ணை (திறந்த ஃபைலைக் குறிக்க அந்தந்த ப்ராசஸுக்குள் மட்டும் செல்லும் எண்) மட்டும் டேட்டாவாக அனுப்பிப் பயனில்லை. இங்கே 7 என்பது அங்கே வேறு ஏதோ ஒன்றாக இருக்கும், அல்லது எதுவுமே இருக்காது. கெர்னல்தான் நடுவில் நின்று அந்தப் பக்கத்துக்குப் புது எண் போட்டுத் தர வேண்டும். அதற்குத்தான், ஒரே மெஷினில் உள்ள ப்ராசஸ்கள் பேசிக்கொள்ளும் யூனிக்ஸ் டொமைன் சாக்கெட்டில் கன்ட்ரோல் மெசேஜ் இருக்கிறது.

சாதாரண சென்ட் போதாது, சென்ட்எம்எஸ்ஜி வேண்டும். எம்எஸ்ஜிஹெச்டிஆர் ஸ்ட்ரக்சரில் வழக்கமான டேட்டாவுக்கு ஐஓவெக் இருக்கிறது. கூடுதல் தகவலுக்குத் தனியாக ஒரு கன்ட்ரோல் பஃபர். அதற்குள் சிஎம்எஸ்ஜிஹெச்டிஆர் என்ற ஹெட்டர்: லெவல் எஸ்ஓஎல்_சாக்கெட், டைப் எஸ்சிஎம்_ரைட்ஸ், அதன் பின்னால் டிஸ்கிரிப்டர். லினக்ஸ் ஸ்ட்ரீம் சாக்கெட்டில் கூடவே ஒரு பைட்டாவது நிஜ டேட்டா போக வேண்டும். சென்ட்எம்எஸ்ஜி வெற்றியாகத் திரும்பியதும் உங்கள் பிரதியை மூடிவிடலாம்.

பலரும் குழம்புவது அளவில். 64-பிட் லினக்ஸில் ஹெட்டர் 16 பைட், டிஸ்கிரிப்டர் 4. சிஎம்எஸ்ஜி_லென் மேக்ரோ தருவது 20, சிஎம்எஸ்ஜி_ஸ்பேஸ் மேக்ரோ தருவது, பேடிங்கையும் (அலைன்மென்ட்டுக்காக விடும் வெற்று பைட்கள்) சேர்த்து, 24. பஃபர் ஒதுக்க 24, ஹெட்டரின் லெங்த் ஃபீல்டில் 20. பஃபரை வெறும் கேரக்டர் அர்ரேயாக வைக்காமல், சிஎம்எஸ்ஜிஹெச்டிஆருடன் ஒரு யூனியனில் போடுங்கள். அப்போதுதான் அலைன்மென்ட் சரியாக அமையும்.

சரி, வாங்கும் பக்கம். ஒவ்வொரு ரெக்வ்எம்எஸ்ஜி அழைப்புக்கு முன்பும் எம்எஸ்ஜி_கன்ட்ரோல்லென்னை (கன்ட்ரோல் பஃபரின் அளவு) திரும்ப நிரப்புங்கள், ஏனென்றால் வந்த அளவுக்கு ஏற்ப கெர்னல் அதை மாற்றி எழுதிவிடும். எம்எஸ்ஜி_சிஎம்எஸ்ஜி_க்ளோஎக்ஸெக் ஃப்ளாகையும் கொடுங்கள்; இல்லாவிட்டால் எக்ஸெக் ஆகும் குழந்தை ப்ராசஸுக்கும் அந்த டிஸ்கிரிப்டர் போய்ச் சேரும்.

நான் கோட் ரிவ்யூவில் முதலில் தேடுவது இதைத்தான்: அந்த 24 பைட்டில் ஹெட்டர் போக மிச்சம் 8. அதாவது இரண்டு டிஸ்கிரிப்டருக்கு இடம்! எதிர்ப்பக்கம் இரண்டு அனுப்பினால் இரண்டும் உங்கள் டேபிளில் ஏறிவிடும். முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு போனால், இரண்டாவது யாரும் மூடாமல் திறந்தே கிடக்கும். நம்பிக்கையில்லாத ஒரு கிளையன்ட் இதையே திரும்பத் திரும்பச் செய்தால் சர்வரின் டிஸ்கிரிப்டர் வரம்பு தீர்ந்து, புதுக் கனெக்‌ஷனே ஏற்க முடியாமல் போகும். அதனால் சிஎம்எஸ்ஜி_லென் ஃபீல்டிலிருந்து 16-ஐக் கழித்து (கோடில் சிஎம்எஸ்ஜி_லென்(0) என்றே எழுதுங்கள்) 4-ஆல் வகுத்து, எத்தனை வந்தது என்று எண்ணுங்கள். எதிர்பார்த்ததைவிட அதிகம் என்றால் வந்த எல்லாவற்றையும் மூடிவிட்டு, அந்தக் கனெக்‌ஷனையும் துண்டித்துவிடுங்கள். கன்ட்ரோல் தகவல் பஃபரில் இடமில்லாமல் வெட்டுப்பட்டதைச் சொல்லும் எம்எஸ்ஜி_சிட்ரங்க் ஃப்ளாக் எழுந்திருந்தாலும் அதே வைத்தியம்தான்.