பிளேன்ரீயோடு தெளியும் மயக்கம்: இன்சுலினோமாவில் விடுகிற பிழைகள்

கந்தசஷ்டி விரதம். நல்லூர் வீதியில் ஒருவர் வியர்த்து விறுவிறுத்து, பேரைக் கேட்டால் மாறிச் சொல்கிறார். சீனி கூடப் போட்ட பிளேன்ரீ கொடுத்துப் பத்து நிமிசத்தில் ஆள் வழமைக்கு வந்துவிடுகிறார். "விரதக் களை" என்று எல்லோரும் கலைந்துவிடுகிறார்கள்.

ஒருமுறை என்றால் சரி. விடியச் சாப்பிட முன்னம், சாப்பாடு பிந்திய நாளில் என்று திரும்பத் திரும்ப வந்தால் கணையத்தைச் சந்தேகிக்க வேணும். அங்கே, இரத்தச் சீனியை இறக்கும் இன்சுலினைக் கட்டுப்பாடில்லாமல் சுரக்கும் சிறு கட்டிதான் இன்சுலினோமா. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் 1 முதல் 4 பேருக்கு வரும்; எங்கள் மாவட்டத்திலோ பத்து லட்சம் சனமே இல்லை. வலிப்பென்று மருந்து குடித்துக்கொண்டும், பேயென்று நூல் கட்டிக்கொண்டும் வருடங்கள் போய்விடுவது இதனால்தான்.

அந்தப் பிளேன்ரீயிலேயே பிழை தொடங்குகிறது. கொடுக்கத்தான் வேணும். ஆனால் இரத்தச் சீனி அளக்கும் குளுக்கோமீற்றர் கையில் இருந்தால் முதலில் விரலில் குத்தி, அளவையும் நேரத்தையும் கொப்பியில் எழுதுங்கள்; அரை நிமிச வேலை. இனிப்பு இறங்கியபின் எடுக்கும் இரத்தம் ஒன்றும் சொல்லாது. நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் அம்புலன்சுக்கு 1990 அடியுங்கள்.

அம்மம்மாவின் சலரோகக் குளிசையை மாறிக் குடித்திருந்தாலும் இதே கூத்துத்தான். வைத்தியரிடம் மறைக்காதீர்கள்.

சீ.ரி. ஸ்கானுக்கு முதலில் ஓடாதீர்கள். கட்டி பெரும்பாலும் 2 செ.மீ.க்குள் என்பதால் தப்பிவிடும். 'ஒன்றுமில்லை' என்ற றிப்போட்டோடு வீட்டில் இருந்துவிடுவீர்கள். முதலில் வார்டில் வைத்து 72 மணித்தியாலம் வரை பட்டினிப் பரிசோதனை. குளுக்கோஸ் டெசிலீற்றருக்கு 55 மி.கி.க்குக் கீழே போன நேரத்திலும் இன்சுலினும், அதோடு சேர்ந்து கணையத்திலிருந்து வரும் சி-பெப்டைட்டும் அடங்காமல் நின்றால் கட்டியைத் தேடலாம். இதை வீட்டில் செய்து பார்ப்பது உயிரோடு விளையாட்டு.

கட்டி என்றதும் புற்றுநோய் என்று இடிந்துபோவார்கள். பத்தில் ஒன்பது அப்படியல்ல. 1929இல் ரொறன்ரோவில் சத்திரசிகிச்சை நிபுணர் ரொஸ்கோ கிரகாம் கட்டியை எடுத்தே குணமாக்கினார். கணையக் குழாயிலிருந்து விலகி இருந்தால் சுளையிலிருந்து பலாக்கொட்டையை எடுப்பதுபோல் கட்டியை மட்டும் எடுப்பார்கள். ஒட்டியிருந்தால் அந்தப் பகுதியோடு. இடம் பிடிபடாமல் கணையத்தின் வாலை வெட்டிப் பார்ப்பது பழைய பழக்கம், இன்று ஏற்பில்லை.

ஒப்பரேசனுக்கு முதல்நாள் இரவு சாப்பிடவிடமாட்டார்கள். இந்த வருத்தக்காரர் வெறும் வயிற்றில்தான் விழுவார். குளுக்கோஸ் சேலைன் எத்தனை மணிக்கு ஏற்றுவீர்கள் என்று தாதியிடம் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.