சிரிஞ்சில் தண்ணீர் மட்டும் வந்த கதை

தஞ்சாவூரில் ஆய்வு மாணவனாக இருந்தபோது, எலும்புக் குழியை நிரப்பும் கால்சியம் பாஸ்பேட் சிமென்ட்டோடு மல்லுக்கட்டினேன். ஆல்ஃபா டிரைகால்சியம் பாஸ்பேட் பொடியை டைசோடியம் பாஸ்பேட் கரைசலில் குழைத்தால், எலும்புத் தாதுவைப் போன்ற ஹைட்ராக்சிஅபடைட்டாக மாறி இறுகும். ஆனால் குழிக்குள் செலுத்துவதற்கான சிரிஞ்சில் அடைத்து அழுத்தினால் முதலில் கலங்கல் நீர் சொட்டும். அப்புறம் கட்டைவிரல் வலிதான் மிச்சம். கழற்றிப் பார்த்தால் உள்ளே வறண்ட கட்டி.

கரைசலைக் கூட்டினேன். சுலபமாக வந்தது, ஆனால் இறுகியபின் நகத்தால் கீறினாலே உதிர்ந்தது. கூடுதல் நீர் இருந்த இடமெல்லாம் நுண்துளையானால் வலு எங்கிருந்து வரும்?

தீபாவளிக்குக் கும்பகோணம் போனேன். முறுக்கு பிழிந்துகொண்டிருந்த அம்மா, "மாவு கொரகொரன்னு இருக்குடா, அச்சு அடைக்குது. சலிச்சுக் குடு" என்றார். சல்லடையைக் கையில் வாங்கியபோதுதான் உறைத்தது: என் பொடியை நான் ஒழுங்காகச் சலித்ததே இல்லை.

திரும்பியதும், குண்டுகள் உருண்டு பொடியை அரைக்கும் பால் மில்லில் (ball mill) நெடுநேரம் அரைத்துச் சலித்தேன். கரைசலில் கொஞ்சம் சோடியம் சிட்ரேட்டும் சேர்த்தேன். சிட்ரேட் துகள்மேல் ஒட்டி எதிர்மின்னூட்டம் தருவதால், துகள்கள் ஒன்றையொன்று தள்ளும். நீரைக் கூட்டாமலே கலவை இளகும். அளவு மீறினால் இறுகுவது தாமதமாகும். ஒருமுறை மதியம் குழைத்தது மாலைவரை சேறாகவே கிடந்தது.

பொடி நைசானதில் வேறு தொல்லை: சித்திரை வெயிலில் கரன்ட் போனால் சிரிஞ்சுக்குள்ளேயே இறுகத் தொடங்கியது. கரைசலை ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தேன். சரி, கடைசியில் உடல் சூடான 37 டிகிரியில் இருந்த உப்புக் கரைசலுக்குள் பிழிந்தேன். கரையாமல், முறுக்கு இழை போலவே சுருண்டு விழுந்தது.