பாலைவனக் காளானைத் தொட்டபெட்டாவில் ஏற்றிவிடாதீர்கள்

பட்டாரியா ஃபல்லாய்டீஸ் வறண்ட மணல் நிலத்துக் காளான். 40 செ.மீ. வரை வளரும், கட்டை போன்ற காம்பு. காம்பு முழுக்கச் சிலும்பிய செதில். உச்சியில் துருநிறப் பொடி அப்பிய சின்னத் தலை. ஹெர்பேரியம் என்பது காயவைத்த தாவர, காளான் மாதிரிகளை லேபிளோடு சேர்த்துவைக்கும் இடம். அங்குள்ள இதன் பதிவுகளை இன்று இணையத்தில் வீட்டிலிருந்தே தேடலாம். நம் மலைக் கல்லூரி மாணவர்கள் முதலில் தட்டுவது 'நீலகிரி' அல்லது 'பழனி மலை'. சிக்கல் அங்கேயே ஆரம்பிக்கிறது.

நீலகிரி என்ற ஒரே பெயருக்குள் சீகூர்ப் பக்கத்து முள்காடும் அடக்கம், 2,637 மீட்டர் தொட்டபெட்டாவும் அடக்கம். லேபிளில் 'நீலகிரி' என்று மட்டும் இருந்தால், பதிவேற்றுபவர் பெரும்பாலும் வரைபடத்தில் மாவட்டத்தின் நடுவில் ஒரு புள்ளி வைத்துவிடுவார். அந்தப் புள்ளியை நம்பி 'சோலைக்காட்டிலும் வளர்கிறது' என்று எழுதிவிடாதீர்கள். இடத்தின் துல்லியம் எத்தனை கிலோமீட்டர் என்று சொல்லும் கட்டத்தைப் பாருங்கள். அது காலியாக இருந்தால் புள்ளிக்கு மதிப்பில்லை.

உயரம் இன்னும் மோசம். பழைய லேபிள்கள் அடிக்கணக்கில் இருக்கும். 7,000 என்பதை மீட்டர் கட்டத்தில் போட்டால் யாரும் சிரித்துவிட்டுத் திருத்திவிடுவார்கள். இங்கே அப்படியொரு மலையே கிடையாது. ஆபத்து 2,500 போன்ற எண்ணில்தான். அடி என்றால் அது 762 மீட்டர், அடிவாரப் புதர்க்காடு. மீட்டர் என்றால் ஊட்டிக்கும் மேலே, குளிர்ந்த புல்வெளி. இரண்டுமே நீலகிரியில் உண்டு என்பதால் எந்த மென்பொருளும் முனகாது. லேபிளின் படத்தைத் திறந்து பார்த்தால்தான் உண்டு.

மாவட்டப் பெயரும் காலை வாரும். நீலகிரி கோயம்புத்தூரிலிருந்து பிரிந்தது 1868இல். கூடலூர்ப் பக்கம் மலபாரிலிருந்து வந்து சேர்ந்தது 1877இல். 1985இல் திண்டுக்கல் மாவட்டம் உருவாகும்வரை கொடைக்கானல் மதுரை மாவட்டம். பழனிக்கு 'புல்னி', ஊட்டிக்கு 'ஊட்டகமண்ட்' என்ற பழைய ஆங்கில எழுத்துகளிலும் தேடுங்கள்.

ஒரே நாளில் ஒரே ஆள் எடுத்த மாதிரியைப் பிரித்து நாலு ஹெர்பேரியத்துக்கு அனுப்பியிருப்பார்கள். சேகரிப்பு எண் ஒன்றாக இருந்தால் அது ஒரே பதிவுதான், நாலு அல்ல.

பெயருக்கு வருவோம். பட்டாரியா ஸ்டெவனியையும் இதையும் ஒரே இனமாகக் கருதுபவர்கள் உண்டு. ஆகவே இரண்டு பெயரிலும் தேட வேண்டும். ஆனால் லேபிளில் உள்ள பழைய பெயரை அழிக்காமல் தனிக் கட்டத்தில் வையுங்கள். 'லைகோபெர்டான்' என்ற பேரினப் பெயரைக் கண்டால் கூடுதல் கவனம்: வறண்ட நிலத்திலும் கறையான் புற்றிலும் முளைக்கும் போடாக்ஸிஸ் என்ற வேறொரு காளானை 1771இல் லின்னேயஸ் அந்தப் பேரினத்தில்தான் சேர்த்தார். பட்டாரியாவும் 1785இல் அதே பேரினத்தில்தான் பெயர் பெற்றது.

பொட்டலத்தைத் திறந்தால் வித்தியாசம் தெரியும். போடாக்ஸிஸின் காம்பு தலைக்குள் ஊடுருவி உச்சிவரை போகும். பொடி அதைச் சுற்றி உள்ளே இருக்கும். பட்டாரியாவில் காம்பு தலைக்குக் கீழேயே நின்றுவிடும். மேல்தோல் மூடிபோலக் கழன்று விழ, பொடி வெளியே தெரியும். காம்பின் அடியில் ஒரு கிண்ணமும் இருக்க வேண்டும். கறிக்குப் பறிப்பதுபோல இழுத்தால் கிண்ணம் மண்ணிலேயே தங்கிவிடும், பாதி அடையாளம் போச்சு. தோண்டித்தான் எடுக்கணும்.

இலைபோல அழுத்தக் கூடாது. நன்றாகக் காயவைத்துக் காகிதப் பொட்டலத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டால் ஊட்டி மழைக்காலத்தில் பூசணம் பிடித்துவிடும். பொட்டலங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, கீழே விரித்த தாளை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். பட்டாரியாவின் பொடியில் வித்துகளோடு சுருள்வரை கொண்ட நுண்ணிய இழைகளும் இருக்கும். அவை பறந்து பக்கத்துப் பொட்டலத்தில் ஒட்டினால், நுண்ணோக்கியில் பார்ப்பவர் அதற்கும் பட்டாரியா என்றே எழுதிவைப்பார்.