சீக்கிரம் ஓய்வு பெறப் போகிறீர்களா? முதலீட்டை இப்படி மாற்றி அமையுங்கள்

வேலையை விடும் நாள் நெருங்கும்போது எல்லோரும் கேட்பது, "போதுமான பணம் சேர்ந்துவிட்டதா?" என்றுதான். அதோடு இன்னொரு கேள்வியையும் கேட்டுக்கொள்ளுங்கள். வேலையை விட்ட அடுத்த வருடமே பங்குச்சந்தை சரிந்தால், வீட்டுச் செலவுக்கு எதை விற்பீர்கள்?

சம்பளம் வந்தவரை சந்தை விழுந்தால் நமக்கு லாபம், மலிவாக வாங்கிப் போட்டோம். இனி நாம் விற்பவர்கள். ஒரு சின்னக் கணக்கு போடுவோம். கையில் 100 ரூபாய் இருக்கிறது, அது முழுவதும் பங்குச்சந்தையில். ஐந்து வருட லாப நட்டம் வரிசையாக −20%, −10%, +5%, +20%, +25%. எதையும் எடுக்காமல் விட்டால் கடைசியில் 113 இருக்கும். வரிசையைத் தலைகீழாக்கினாலும் அதே 113தான். இப்போது ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் செலவுக்கு 4 எடுங்கள். சரிவு முதலில் வந்தவரிடம் மிஞ்சுவது 86. சரிவு கடைசியில் வந்தவரிடம் 96. ஐந்தே வருடத்தில் இவ்வளவு வித்தியாசம்! விலை விழுந்திருக்கும்போது பங்கை விற்றுச் சாப்பிடுவது விதைநெல்லைக் குத்திச் சோறாக்குவது போல. அந்த நிலை வராமல் பார்த்துக்கொள்ளத்தான் கீழே உள்ள படிகள் எல்லாம்.

படி 1: ஒரு வருடச் செலவைக் கண்டுபிடியுங்கள்

மனக்கணக்கு வேண்டாம். கடந்த 12 மாத வங்கிக் கணக்கு விவரத்தை எடுத்து, ஒவ்வொரு செலவாகக் கூட்டுங்கள். இதுவரை நிறுவனம் கட்டிவந்த மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் இனி உங்கள் தலையில். அதையும், முதலீட்டை விற்கும்போது கட்ட வேண்டிய வரியையும், சில வருடத்துக்கு ஒருமுறை வரும் பெரிய செலவுகளையும் சேருங்கள்.

அந்தத் தொகை மொத்தச் சேமிப்பில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். பலரும் சொல்லும் 4% விதி, அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. முதல் வருடம் 4% எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்பத் தொகையைக் கூட்டிக்கொண்டே போனால் 30 வருடம் தாங்குமா என்று அமெரிக்கச் சந்தையின் பழைய விவரங்களை வைத்து அவர் பார்த்தார், தாங்கியது. 45 வயதில் ஓய்வு பெறுபவருக்குப் பணம் 40, 45 வருடம் வர வேண்டும். அதனால் 3.5%-ஐத் தாண்ட வேண்டாம் என்பேன். அதாவது வருடச் செலவைப் போல 28, 29 மடங்கு சேமிப்பு வேண்டும்.

படி 2: மூன்றாகப் பிரியுங்கள்

சேமிப்பு 1,000 ரூபாய், வருடச் செலவு 35 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

• முதல் 2 வருடச் செலவு, 70: சேமிப்புக் கணக்கு, குறுகிய கால டெபாசிட். வட்டி குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, கேட்டவுடன் கைக்கு வர வேண்டும்.
• அடுத்த 8 வருடச் செலவு, 280: தரமான கடன் பத்திரங்கள், டெபாசிட்டுகள். வருடத்துக்கு ஒன்று முதிர்வது போல ஏணிப்படியாக அடுக்குங்கள். வட்டி விகிதம் ஏறினால் நீண்ட காலப் பத்திரங்களின் விலை இறங்கும். முதிர்வு வரை வைத்திருப்பவரை அது பாதிக்காது.
• மீதி 650: பங்குகள்.

இன்னும் 65% பங்கா என்று தயங்க வேண்டாம். விலைவாசி வருடம் 6% ஏறினால் 12 வருடத்தில் செலவு இரட்டிப்பாகும், 3% என்றால் 24 வருடத்தில். நாற்பது வருட விலைவாசியை டெபாசிட்டை மட்டும் வைத்து ஓட்டுவது கடினம். ஆனால் பங்கு முழுவதையும் ஒரே நாட்டில் வைக்காதீர்கள். ஜப்பானின் பங்குச்சந்தைக் குறியீடான நிக்கேய் 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தை மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரியில்தான். பல நாடுகளில் பரவிய, கட்டணம் குறைந்த இண்டெக்ஸ் ஃபண்டு (சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் ஃபண்டு) போதும். வருடத்துக்கு 35 மட்டும் எடுக்கிற நீங்கள் 650 உள்ள ஃபண்டுக்கு 1% கட்டணம் கொடுத்தால், 6.5, அதாவது நீங்கள் எடுப்பதில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்குக்குச் சமமான பணம் அங்கேயே போய்விடுகிறது. எனக்கு இது மிகவும் வருத்தம் தரும் விஷயம், ஏனென்றால் பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

படி 3: ஒரே நாளில் மாற்றாதீர்கள்

வேலையை விடுவதற்கு 2, 3 வருடம் முன்பே ஆரம்பியுங்கள். முதலில் புதிய சேமிப்பை எல்லாம் கடன் பத்திரப் பக்கம் திருப்புங்கள். இதற்கு எதையும் விற்க வேண்டாம், வரியும் இல்லை. பிறகு, நிறுவனங்கள் தரும் லாபப் பங்கான டிவிடெண்டை மறுபடி பங்குகளில் போடுவதை நிறுத்துங்கள். அப்போதும் குறைந்தால் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்குகளை விற்று, வரியை இரண்டு மூன்று நிதியாண்டுகளில் பரப்புங்கள்.

குறிப்பிட்ட வயது வரை தொட முடியாத ஓய்வூதியக் கணக்கு இருந்தால் அதைத் தனியாக எழுதுங்கள். முதல் இரண்டு பகுதிகளும் அதற்கு வெளியே இருக்க வேண்டும்.

படி 4: வருடத்தில் ஒரே நாள்

ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று முதல் பகுதியில் 70-க்குப் பதில் 35 இருக்கும். பங்குகள் அந்த வருடம் ஏறியிருந்தால் அவற்றை விற்று நிரப்புங்கள். இறங்கியிருந்தால் அந்த வருடம் முதிர்ந்த பத்திரத்திலிருந்து நிரப்புங்கள், பங்கைத் தொடாதீர்கள். சந்தை மீண்டதும் ஏணியில் காலியான படிகளை மறுபடி அடுக்குங்கள். சரிவு நீண்டால், சுற்றுலா போன்ற தள்ளிப்போடக்கூடிய செலவை அந்த வருடம் குறையுங்கள்.

முதல் பத்து வருடம் பெரிய சரிவில்லாமல் கடந்துவிட்டால் பாதுகாப்புப் பகுதியை (முதல் இரண்டும் சேர்ந்தது) சற்றுக் குறைக்கலாம், 10 வருடச் செலவுக்குப் பதில் 6, 7 வருடச் செலவு போதும்.

இந்த விதிகளை வேலையில் இருக்கும்போதே ஒரு பக்கத்தில் எழுதி, கணவனோ மனைவியோ இருந்தால் இருவரும் சேர்ந்து படித்து, வங்கிக் கோப்பின் முதல் தாளாக வையுங்கள். எந்தக் கணக்கு எங்கே இருக்கிறது, எந்தப் பத்திரம் எந்தத் தேதியில் முதிர்கிறது என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.