ஃபேன் இரைந்தால் முதலில் தூசியைப் பாருங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். வைகாசி முகூர்த்தம் வந்தால் ராத்திரி ஒரு மணி வரை ஃபோட்டோஷாப் ஓடும். போன கத்திரி வெயிலில் என் லேப்டாப் மிக்ஸி மாதிரி இரைய ஆரம்பித்தது. கீபோர்டின் மேல் வரிசையில் விரல் வைக்க முடியவில்லை. ஒருநாள் பாதி வேலையில் அப்படியே அணைந்துபோனது. அன்று போன நாலு பக்கத்தையும் மறுபடி செய்து முடிக்க விடிந்துவிட்டது.

உடனே ஃபேன் வேகத்தைக் கூட்டும் மென்பொருளைத் தேடாதீர்கள். சூடு எவ்வளவு என்று முதலில் பாருங்கள். விண்டோஸுக்கு ஹெச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) என்று சூட்டைக் காட்டும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. சும்மா இருக்கும்போது 45, 50 டிகிரியும், கனமான வேலையில் 80, 85 டிகிரியும் சகஜம். 95-ஐத் தாண்டி அங்கேயே நின்றால்தான் கவலை. 100-ஐ நெருங்கும்போது பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். லேப்டாப் இழு இழு என்று இழுப்பது அதனால்தான்.

மெத்தையில் வைத்து வேலை செய்கிறீர்களா? காற்று உள்ளே போகும் துளைகள் பெரும்பாலும் அடியில்தான் இருக்கும். மேஜைக்கு மாற்றி, பின்பக்கம் இரண்டு பாட்டில் மூடிகளை முட்டுக் கொடுங்கள். எனக்கு அதிலேயே நாலு டிகிரி இறங்கியது.

அடுத்தது தூசி. வாரண்டி இருந்தால் சர்வீஸ் சென்டரிலேயே கொடுத்துவிடுங்கள். நீங்களே திறப்பதானால் ஷட்டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, உள்ளே பேட்டரி கனெக்டரையும் கழற்றிவிடுங்கள். திருகுகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. ஒரு தாளில் படம் போட்டு அந்தந்த இடத்தில் ஒட்டி வையுங்கள். என் லேப்டாப்பில் ஃபேன் இறக்கையில் அவ்வளவாக ஒன்றும் இல்லை. அதை ஒட்டியிருக்கும் செம்புத் தகடுகளின் இடுக்கில்தான் சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு போல ஒரு படலம். நம் ஊர்க் கடல்காற்றின் ஈரத்தில் தூசி பறக்காது, அப்பிக்கொள்ளும். அதனால் ஊதுவதற்கு முன் மெல்லிய பிரஷால் கிளறிவிட வேண்டும். ஊதும்போது ஊதுபத்திக் குச்சியை இறக்கைக்கு நடுவே விட்டு ஃபேனைச் சுற்றாமல் பிடித்துக்கொள்ளுங்கள். கண்டபடி சுற்றினால் பேரிங் போய்விடும். அன்று சாயங்காலம் அதே ஆல்பத்தைத் திறந்தேன்: 97-ல் நின்றது 82-க்கு வந்திருந்தது.

அப்படியும் குறையவில்லையென்றால், பிராசஸரின் சூட்டை மேலே இருக்கும் உலோகத்துக்குக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். அதைக் கை பழகியவரிடம் விடுவதே நல்லது.

சரி, இப்போது ஃபேன் வேகத்துக்கு வரலாம். லேப்டாப்போடு வந்த ஆப்பில் சைலன்ட், பெர்ஃபார்மன்ஸ் என்று மோடுகள் இருக்கும். வெயில் காலத்தில் சைலன்ட் வேண்டாம். சில லேப்டாப்பில் பயாஸிலும் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் செட்டிங் திரை) ஃபேன் செட்டிங் உண்டு. வெளி மென்பொருளில் வேகத்தை ஒரே அளவில் பூட்டி வைப்பது ஆபத்து. சூடு ஏற ஏற வேகமும் ஏறும்படி வையுங்கள். நான் நம்புவது வேறு வழி: பவர் ஆப்ஷன்ஸில் 'மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்' என்பதை 99 சதவீதம் ஆக்கிவிடுவேன். பெரும்பாலான லேப்டாப்களில் டர்போ, அதாவது பிராசஸர் வழக்கமான வேகத்தைத் தாண்டி ஓடுவது, நின்றுவிடும். ஆல்பம் எக்ஸ்போர்ட் ஆகக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

இப்போது பங்குனியில் ஒருமுறை, புரட்டாசியில் ஒருமுறை திறந்து துடைத்துவிடுகிறேன்.