ஒரு மணி நேரத்துக்கு 36 விநாடி: லோரா சென்சாரை ஐரோப்பிய விதிக்குள் கொண்டுவருவது எப்படி?

ஜெர்மனியிலோ நெதர்லாந்திலோ இருந்துகொண்டு, தோட்டத்து மண்ணின் ஈரத்தை அளக்க ஒரு லோரா (குறைந்த மின்சாரத்தில் சிறு தரவைத் தொலைதூரம் அனுப்பும் ரேடியோ முறை) சென்சார் செய்யப்போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 868 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒலிபரப்ப உரிமம் வாங்க வேண்டாம், கட்டணமும் கிடையாது. ஆனால் விதி உண்டு. தெருக்குழாயில் ஒரே ஆள் குடம் குடமாகப் பிடித்துக்கொண்டே இருந்தால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? விதி அதற்காகத்தான்.

படி 1: அதிர்வெண்

லோரா ரேடியோ உள்ள மின்னணுப் பலகையை வாங்கும்போதே 868-க்கானது என்று பார்த்து வாங்குங்கள். இணையத்தில் கிடைக்கும் பல மாதிரி நிரல்களில் 915 என்று இருக்கும். அது அமெரிக்காவுக்கானது, அப்படியே ஏற்றிவிடாதீர்கள். ஐரோப்பாவில் 880 முதல் 915 வரை செல்பேசிகளின் இடம்.

868-க்குள்ளும் பாத்தி பாத்தியாகப் பிரித்திருக்கிறார்கள். இஎன் 300 220 என்ற ஐரோப்பியத் தரநிலைப்படி, 868.0 முதல் 868.6 வரை 25 மில்லிவாட் திறன், மொத்த நேரத்தில் 1% மட்டுமே ஒலிபரப்பலாம். 868.7 முதல் 869.2 வரை அதே திறன், ஆனால் 0.1% நேரம்தான். 869.4 முதல் 869.65 வரை 500 மில்லிவாட், 10% நேரம். இடையில் 869.2 முதல் 869.25 வரை உள்ள சிறு துண்டு, தனியாக வாழும் முதியவர்கள் கழுத்தில் மாட்டியிருக்கும் அவசரப் பொத்தானுக்கானது. அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது.

தொடக்கத்துக்கு 868.1, 868.3, 868.5 ஆகிய மூன்று சேனல்கள் போதும்.

படி 2: திறன்

25 மில்லிவாட் என்றால் 14 டிபிஎம் (திறனைச் சொல்லும் இன்னோர் அலகு). இது சிப்பிலிருந்து வெளிவரும் அளவு அல்ல, ஆன்டெனாவையும் சேர்த்துக் கணக்கிடுவது. சாதாரண டைபோல் ஆன்டெனாவின் ஆதாயம், அதாவது அலையைக் குவிக்கும் அளவு, 2.15 டிபிஐ. விதி டைபோலையே அளவுகோலாகக் கொள்வதால், அதைப் போட்டால் நிரலில் 14 என்றே வைக்கலாம். 5 டிபிஐ ஆன்டெனா மாட்டினால் 14 + 2.15 − 5, அதாவது 11-க்கு இறக்க வேண்டும். சில நிரல் நூலகங்கள் (ஆயத்த நிரல் தொகுப்புகள்) நாம் எதுவும் சொல்லாவிட்டால் 17 டிபிஎம்-மில் ஒலிபரப்பும். அது 50 மில்லிவாட், அனுமதித்ததைப் போல இரண்டு மடங்கு. அந்த வரியை நீங்களே எழுதிவிடுங்கள்.

படி 3: ஏர்டைம் கணக்கு

ஏர்டைம் என்பது செய்தி காற்றில் இருக்கும் நேரம். பலரும் சறுக்கும் இடம் இது. 1% என்றால் ஒரு மணி நேரத்தில் 36 விநாடி. சேனலுக்கு 36 விநாடி என்று நினைக்க வேண்டாம். மேலே சொன்ன மூன்று சேனல்களும் ஒரே பாத்தியில் இருப்பதால், மூன்றுக்கும் சேர்த்தே 36.

10 பைட் தரவை லோராவான் (லோராவின் மேல் இயங்கும் வலையமைப்பு முறை) வழியாக அனுப்பினால், தலைப்பு விவரங்கள் 13 பைட் சேர்ந்து 23 ஆகும். எஸ்எஃப் என்பது லோராவின் பரவல் எண்: அது கூடினால் தூரம் கூடும், வேகம் குறையும். இந்தச் செய்தி எஸ்எஃப் 7-இல் காற்றில் இருக்கும் நேரம் சுமார் 62 மில்லிவிநாடி. எஸ்எஃப் 9-இல் 206. எஸ்எஃப் 12-இல் 1,483, கிட்டத்தட்ட ஒன்றரை விநாடி! அதே செய்தியை எஸ்எஃப் 7-இல் மணிக்கு 580 முறைக்கு மேல் அனுப்பலாம், எஸ்எஃப் 12-இல் 24 முறைதான். "தூரம் போகட்டும்" என்று கண்ணை மூடிக்கொண்டு எஸ்எஃப் 12 போடுவது அக்கம்பக்கத்தாரின் நேரத்தை எடுத்துக்கொள்வதுதான்.

தி திங்ஸ் நெட்வொர்க் என்ற லோராவான் வலையமைப்பின் பொதுச் சேவையைப் பயன்படுத்தினால் வரம்பு இன்னும் இறுக்கம்: ஒரு கருவிக்கு நாளொன்றுக்கு 30 விநாடி. எஸ்எஃப் 12-இல் 20 செய்தியோடு தீர்ந்துவிடும்.

படி 4: நிரலில் மௌனம்

ஒவ்வொரு செய்திக்கும் பிறகு, அதன் ஏர்டைமைப் போல 99 மடங்கு நேரம் வாய் மூடியிருக்கச் செய்யுங்கள். எஸ்எஃப் 12-க்கு இது சுமார் 147 விநாடி. முழு லோராவான் நூலகங்கள் பல இதைத் தாமே பார்த்துக்கொள்ளும். வெறும் லோரா நூலகம் என்றால் பொறுப்பு உங்களுடையது.

நான் பட்டதைச் சொல்கிறேன். செலவான ஏர்டைமைக் கணக்கு வைக்கும் மாறியைச் சாதாரண நினைவகத்தில் வைத்திருந்தேன். சென்சாரை இயக்கும் இஎஸ்பி32 சிப், மின்சாரத்தை மிச்சப்படுத்த ஆழ்உறக்கத்துக்குப் போய் எழும்போதெல்லாம் அது அழிந்துவிடும், கருவி 36 விநாடியும் மிச்சம் என்று நம்பும். ஒருநாள் கேட்வே (சென்சாரின் செய்தியை வாங்கி இணையத்துக்கு அனுப்பும் பெட்டி) அணைந்துபோனது. பதில் வராததால் சென்சார் தூங்கி எழுந்து, தூங்கி எழுந்து, விடாமல் அனுப்பிக்கொண்டே இருந்தது. அந்த மாறியை, ஆழ்உறக்கத்திலும் அழியாத ஆர்டிசி நினைவகத்துக்கு மாற்றுங்கள். பதில் கேட்டு அனுப்புவதையும் முடிந்தவரை தவிருங்கள்: கேட்வேயின் பதிலும் ஒலிபரப்புதான், அதற்கும் வரம்பு உண்டு.

படி 5: கண்ணால் பாருங்கள்

ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்ற ரேடியோ வாங்கி யுஎஸ்பி குச்சியை மடிக்கணினியில் செருகி 868.3-ஐச் சுற்றிப் பாருங்கள். உங்கள் செய்தி திரையில் சாய்ந்த கோடுகளாக விழும். எஸ்எஃப் 12-இல் அந்தக் கோடுகளை ஒன்றொன்றாக எண்ணவே முடியும். ஒரு மணி நேரம் அப்படியே விட்டு, எத்தனை முறை வந்தது என்று குறித்து, உங்கள் கணக்கோடு ஒப்பிடுங்கள்.

விற்பதாக இருந்தால்

2014/53/இயு என்ற ரேடியோ கருவி நெறிமுறை குறுக்கே வரும். ஒரே ஒரு கருவியை உங்கள் பெயரில் சந்தையில் விட்டாலும் உற்பத்தியாளர் நீங்கள்தான். சோதனை ஆவணங்கள், இணக்க அறிவிப்பு, சிஇ முத்திரை (ஐரோப்பிய விதிகளுக்கு இணங்குகிறது என்ற அடையாளம்) எல்லாம் உங்கள் தலையில். உள்ளே வைத்த ரேடியோ மாட்யூலில் சிஇ இருக்கிறதே என்று விட்டுவிட முடியாது.

என் சென்சார் இப்போது எஸ்எஃப் 9-இல், கால் மணிக்கு ஒருமுறை பேசுகிறது. கேட்வேயை அலமாரியிலிருந்து ஜன்னலோரம் நகர்த்தியதுமே எஸ்எஃப் 12 தேவைப்படாமல் போனது. மணிக்கு மொத்தம் 0.82 விநாடி. தக்காளிச் செடியின் மண் கால் மணிக்குள் காய்ந்துவிடப் போவதில்லை.